ஹெட்குவார்ட்டர் கம்பெனி: பட்டாலியனின் பரண்

கேள்வி சுருக்கமாக இது. ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனிலும் ஹெட்குவார்ட்டர் கம்பெனி என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு, எப்போது வந்தது, அதில் இருப்பவர்கள் சண்டைக்காரர்களா இல்லை ஃபைல் தூக்குகிறவர்களா? கூடவே ஒரு சந்தேகம்: அமெரிக்கப் படையில் மட்டும் அதை ஏன் "ஹெட்குவார்ட்டர்ஸ் அண்டு ஹெட்குவார்ட்டர்ஸ் கம்பெனி" என்று ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதுகிறார்கள், அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பெரிய கேள்வி.

என்னைக் கேட்டால் அது பட்டாலியனின் பரண். நம் வீட்டில் ஒரு பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதபோது பரணில்தானே ஏற்றுகிறோம், கொலு பொம்மைப் பெட்டி, பிள்ளை வளர்ந்த பிறகு தொட்டில், கல்யாணத்துக்கு மட்டும் இறக்கும் அண்டா என்று. ராணுவத்திலும் அதேதான் நடந்தது. புதிதாக ஒரு ஆயுதமோ கருவியோ வேலையோ வந்து, அதற்கென்று சொந்த இடம் இல்லாதபோதெல்லாம், அதைக் கொண்டுபோய் ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் வைத்தார்கள். அது வளர்ந்து பெரிதானதும் கீழே இறக்கித் தனிக் கம்பெனி ஆக்கினார்கள், பரண் கொஞ்சம் காலியானது, அடுத்த புதுச் சாமான் வந்ததும் மறுபடி நிரம்பியது. கடந்த நூறு வருஷ வரலாறு ஏறக்குறைய இதுதான்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். இன்றைய இந்தியக் காலாட்படை பட்டாலியன் என்றால் தோராயமாக 800 பேர். நான்கு ரைஃபிள் கம்பெனி, ஒரு சப்போர்ட் கம்பெனி, ஒரு ஹெட்குவார்ட்டர் கம்பெனி. மேலே கர்னல் அந்தஸ்தில் ஒரு கமாண்டிங் ஆபீசர், ஜவான்கள் வாயில் "சிஓ சாப்". அவர் கூடவே செகண்ட் இன் கமாண்ட், அட்ஜுடன்ட் (சிஓவின் நிர்வாக அதிகாரி), குவார்ட்டர்மாஸ்டர் (ஸ்டோர் அதிகாரி), சுபேதார் மேஜர். இந்தச் சிறு கூட்டம்தான் பட்டாலியன் ஹெட்குவார்ட்டர், அதாவது முடிவெடுக்கிற இடம். ஹெட்குவார்ட்டர் கம்பெனி வேறு. சிஓ எடுத்த முடிவை நாலு கம்பெனிக்கும் கொண்டுபோக வயர்லெஸ்காரன் வேண்டும், சோறு பொங்க லங்கர் வேண்டும், லாரி ஓட்ட ஆள் வேண்டும், குண்டும் தண்ணீரும் மேலே போக வேண்டும், அடிபட்டவன் கீழே வர வேண்டும், சம்பளமும் லீவும் எழுத கிளார்க் வேண்டும். இவர்கள் எல்லாரும் யாருடைய ரோல்காலில் நிற்பது, யார் இவர்களுக்குப் பூட்ஸ் கொடுப்பது, தப்பு செய்தால் யார் முன்னால் நிறுத்துவது? அதற்குத்தான் அந்தக் கம்பெனி.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மற்றதெல்லாம் குழப்பும். ஹெட்குவார்ட்டர் என்பது தலை, கம்பெனி என்பது அந்தத் தலைக்கு வேண்டிய கை, கால், வயிறு. இன்னொன்றும் கவனியுங்கள்: போர் என்று வந்துவிட்டால் ரைஃபிள் கம்பெனி ஒரே இடத்தில் இருக்கும், ஹெட்குவார்ட்டர் கம்பெனி இருக்காது. சிக்னல்காரர்கள் சிஓவின் பங்கருக்குப் பக்கத்தில், டாக்டரும் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களும் கொஞ்சம் பின்னால், வண்டிகளும் சமையலும் இன்னும் பல கிலோமீட்டர் பின்னால் "பி எஷலான்" என்கிற இடத்தில். கம்பெனி கமாண்டர் தன் ஆட்கள் மொத்தப் பேரையும் ஒருசேரப் பார்ப்பது அமைதிக்காலப் பரேடில் மட்டும்தான்.

பழைய காலத்தில் இப்படி ஒரு கம்பெனியே கிடையாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலாட்படை ரெஜிமென்டில் பத்துக் கம்பெனி, காகிதக் கணக்கில் சுமார் ஆயிரம் பேர். அதற்குத் தலைமையகம் என்றால் கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர், அட்ஜுடன்ட், குவார்ட்டர்மாஸ்டர், டாக்டர், பாதிரியார், அப்புறம் சார்ஜன்ட் மேஜர் மாதிரி சிலர். பதிவேட்டில் இவர்களை "ஃபீல்டு அண்டு ஸ்டாஃப்" என்று ஒரு தனிப் பக்கத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். போதுமாகத்தான் இருந்தது, ஏனென்றால் கர்னலின் குரலும் பறையும் ஊதுகொம்பும் எட்டுகிற தூரத்துக்குள்தான் ரெஜிமென்ட் நின்றது. மற்ற வேலைகளுக்கு, எழுத, வண்டி ஓட்ட, சமைக்க, கம்பெனிகளிலிருந்தே ஆளை உருவிக்கொள்வார்கள். எந்தக் கம்பெனி கமாண்டரும் தன் நல்ல ஆளைக் கொடுக்க மாட்டான், சாக்குச் சொல்லிச் சோம்பேறியைத் தள்ளிவிடுவான். கொடுத்த ஆளும் கம்பெனி ரோலில்தான் இருப்பான், சண்டைக்கு மட்டும் வர மாட்டான். கணக்கில் நூறு பேர் உள்ள கம்பெனி களத்தில் எப்போதும் இளைத்தே நிற்கும்.

1914இல் போருக்குப் போன பிரிட்டிஷ் பட்டாலியனில்கூட நிலைமை பெரிதாக மாறவில்லை. மொத்தம் 1007 பேர், தலா 227 பேர் கொண்ட நாலு கம்பெனி. கழித்துப் பார்த்தால் மிச்சம் 99. சிக்னல்காரர், வண்டிக்காரர், பயனீர்கள் என்கிற குழி வெட்டும் ஆட்கள், அப்புறம் பட்டாலியனிடம் இருந்த இரண்டே இரண்டு மெஷின்கன், எல்லாம் அந்த 99க்குள் அடக்கம். அந்த இரண்டு மெஷின்கன் ஏன் தலைமையகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். நாலு கம்பெனிக்கும் பொதுவான சொத்து, எந்த ஒரு கம்பெனிக்கும் கொடுக்க முடியாது. பரணில் ஏறிய முதல் பெரிய சாமான் அதுதான் என்பேன். ஒரே வருஷத்தில் அது எவ்வளவு முக்கியம் என்று ரத்தம் சிந்தித் தெரிந்துகொண்டார்கள், 1915 அக்டோபரில் மெஷின்கன்னுக்கென்றே தனிப் படைப்பிரிவு வைத்து அதை பட்டாலியன்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஹெட்குவார்ட்டர் கம்பெனி என்ற பெயரைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது அமெரிக்கர்கள். 1916 ஜூன் 3இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காலாட்படை ரெஜிமென்டில் (அங்கே அது பல பட்டாலியன் சேர்ந்தது) பன்னிரண்டு காலாட்படைக் கம்பெனியோடு ஒரு ஹெட்குவார்ட்டர் கம்பெனி, ஒரு மெஷின்கன் கம்பெனி, ஒரு சப்ளை கம்பெனி இருக்க வேண்டும் என்கிறது. ரெஜிமென்டின் அட்ஜுடன்ட்டே அந்தக் கம்பெனிக்கு கேப்டன். கொடி தூக்கும் சார்ஜன்ட், குதிரைலாயச் சார்ஜன்ட், பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லாம் அதில்தான். படிக்கும்போது ஏதோ ஜமீன் அரண்மனைப் பரிவாரம் மாதிரித்தான் இருக்கும்.

அடுத்த வருஷமே அந்த ரெஜிமென்டுகள் பிரான்சுக்குக் கப்பல் ஏறின, பரிவாரத்தின் முகமே மாறிப்போனது. 1918இல் அதே ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் 37 மி.மீ. குட்டிப் பீரங்கி மூன்று, ஸ்டோக்ஸ் மோர்ட்டார் (குண்டை மேலே எறிந்து விழவைக்கும் குழாய்) ஆறு, டெலிபோன் கம்பி இழுக்கும் சிக்னல் பிளாட்டூன் (பிளாட்டூன் என்றால் கம்பெனிக்குள் ஒரு சிறு பிரிவு), பதுங்குகுழி வேலைக்குப் பயனீர் பிளாட்டூன், இவற்றோடு பழைய பேண்டு வாத்தியமும். முந்நூறு பேருக்கு மேல். எதிரியின் மெஷின்கன் கூட்டை உடைக்கப் போகிறவனும் கிளாரினெட் வாசிக்கிறவனும் ஒரே கம்பெனி! யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. மோர்ட்டார் வந்தது, எங்கே வைப்பது என்று கேட்டார்கள், இருந்த ஒரே பொது இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். போர் முடிந்து 1920இல் மறுசீரமைப்பு செய்தபோது குட்டிப் பீரங்கியையும் மோர்ட்டாரையும் இறக்கி "ஹோவிட்சர் கம்பெனி" என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

பிரிட்டிஷ் கதையும் இதே தாளம்தான், வருஷம் மட்டும் வேறு. 1930களின் கடைசியில் அவர்கள் பட்டாலியனின் ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் எண் போட்டு ஆறு பிளாட்டூன்: ஒன்று சிக்னல், இரண்டு விமான எதிர்ப்பு, மூன்று மோர்ட்டார், நான்கு கேரியர் என்கிற இரும்புச் சங்கிலி வண்டி, ஐந்து பயனீர், ஆறு நிர்வாகம். ஒரே கமாண்டர் இதையெல்லாம் மேய்க்க வேண்டும். மோர்ட்டார் எங்கே குண்டு போடுவது என்றும் யோசிக்கணும், ரொட்டி ஏன் வரவில்லை என்றும் பார்க்கணும். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகளிடம் அடி வாங்கிய பிறகு டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் பட்டாலியனுக்கே வந்தது, பரண் இடிந்து விழும் நிலை. 1943இல் மோர்ட்டார், கேரியர், பயனீர், டாங்கி எதிர்ப்பு நான்கையும் பிரித்து "சப்போர்ட் கம்பெனி" என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் மிஞ்சியது சிக்னலும் நிர்வாகமும். மேலே சொன்ன இன்றைய இந்திய பட்டாலியனின் அமைப்பைப் பாருங்கள், நாலு ரைஃபிள், ஒரு சப்போர்ட், ஒரு ஹெட்குவார்ட்டர். 1943இல் பிரித்த அந்தப் பாகப்பிரிவினைதான் இன்னும் ஓடுகிறது.

அமெரிக்கர்கள் அதே காலத்தில் வேறு மாதிரி பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின் பிற்பாதியில் அவர்களுடைய காலாட்படை பட்டாலியனில் 871 பேர். மூன்று ரைஃபிள் கம்பெனி, மோர்ட்டாருக்கும் மெஷின்கன்னுக்கும் ஒரு கனரக ஆயுதக் கம்பெனி, ஐந்தாவது ஹெட்குவார்ட்டர் கம்பெனி. அதில் 57 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி மூன்று கொண்ட பிளாட்டூன், வெடிமருந்து சுமந்துபோய்க் கண்ணிவெடியும் புதைக்கிற பிளாட்டூன், தகவல் தொடர்பு பிளாட்டூன். பாராசூட் பட்டாலியனில் கனரக ஆயுதக் கம்பெனியே கிடையாது, அதனால் 81 மி.மீ. மோர்ட்டாரும் மெஷின்கன்னும் ஹெட்குவார்ட்டர் கம்பெனியிலேயே இருந்தன. மற்றக் கம்பெனிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து உண்டு (ஜே மட்டும் கிடையாது, கையெழுத்தில் ஐயும் ஜேயும் ஒன்றுபோல் தெரியும் என்பதற்காக விட்டுவிட்டார்கள்), ஹெட்குவார்ட்டர் கம்பெனிக்கு எழுத்தே இல்லை. படையில் எழுத்து இல்லாத கம்பெனிக்கு மரியாதையும் கொஞ்சம் குறைச்சல்தான். ரைஃபிள்காரன் கண்ணுக்கு ஹெட்குவார்ட்டர் கம்பெனிக்காரன் பின்னால் உட்கார்ந்து சூடாகக் காபி குடிக்கிறவன்.

இப்போது "சண்டைக்காரர்களா" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் எப்போதும் சொல்வது லான்ஜெராத். பெல்ஜியம்–ஜெர்மனி எல்லையில் ஒரு சின்னக் கிராமம். 1944 டிசம்பர் 16 காலை, ஹிட்லரின் கடைசிப் பெரிய தாக்குதல் ஆர்டென்ஸ் காட்டில் தொடங்குகிறது. அந்தக் கிராமத்துக்கு மேலே மேட்டில் குழி வெட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அமெரிக்க 394ஆவது காலாட்படை ரெஜிமென்டின் உளவு–வேவு பிளாட்டூன். இந்தப் பிளாட்டூன் எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது தெரியுமா, ரெஜிமென்டின் ஹெட்குவார்ட்டர் கம்பெனி. வேலை, எதிரி எங்கே என்று பார்த்து வந்து சொல்வது. கோட்டையில் உட்கார்ந்து காப்பது அவர்கள் வேலையே இல்லை. இரண்டு படைப்பிரிவுகளுக்கு நடுவில் இருந்த ஓட்டையை அடைக்க வேறு ஆள் இல்லாததால் அவர்களைக் கொண்டுபோய் நட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேர், தலைவன் லெப்டினன்ட் லைல் பௌக்குக்கு வயது 20. கீழே கிராமத்தில் இருந்த டாங்கி எதிர்ப்புக் குழு காலையிலேயே கிளம்பிப் போய்விட்டது, அங்கே இருந்த பீரங்கி நோட்டக்காரர் நாலு பேர் வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எதிரே ஒரு ஜெர்மன் பாராசூட் பட்டாலியன், ஐந்நூறு பேர் அளவில். பனி மூடிய திறந்த சரிவு, நடுவில் ஒரு வேலி. வேலியைத் தாண்ட வரும்போதெல்லாம் மேலிருந்து சுட்டார்கள், திரும்பத் திரும்ப. பௌக் பீரங்கி ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை, இருந்த இடத்திலேயே நில் என்றுதான் பதில். பொழுது சாயும் வரை நின்றார்கள், குண்டு தீர்ந்துபோகும் நேரத்தில் ஜெர்மன்காரர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து பிடித்துவிட்டார்கள். பிடிபட்டு அந்த ஊர்க் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மணி பன்னிரண்டு அடித்தது, பௌக்குக்கு 21 வயது நிறைந்தது.

அந்த ஒரு பகல் தாமதத்தால் பின்னால் காத்துக் கிடந்தது பைப்பர் என்கிற ஜெர்மன் அதிகாரியின் எஸ்எஸ் (நாஜிக் கட்சிப் படை) டாங்கிப் படை, அதாவது மொத்தத் தாக்குதலின் ஈட்டிமுனை. தாங்கள் என்ன செய்தோம் என்று அந்தப் பிளாட்டூனுக்கே அப்போது தெரியாது, தோற்றுப் பிடிபட்டோம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 37 வருஷம் கழித்து 1981இல்தான் பதக்கம் கொடுத்தார்கள், ஒரே பிளாட்டூனுக்கு நாலு டிஸ்டிங்க்விஷ்ட் சர்வீஸ் கிராஸ், ஐந்து சில்வர் ஸ்டார், மீதிப் பேருக்கு வெண்கல நட்சத்திரம்.

நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் 1944 பிப்ரவரி, அரக்கான், இன்றைய மியான்மரின் மேற்கு ஓரம். 7ஆவது இந்திய டிவிஷனின் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படை) தலைமையகத்தை ஜப்பானியர் பின்பக்கமாக வந்து பிப்ரவரி 6 விடியற்காலை அடித்து நொறுக்கினார்கள். கிளார்க்கும் சிக்னல்காரனும் கையில் கிடைத்த துப்பாக்கியோடு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்கள், அப்புறம் வயர்லெஸ் செட்டுகளை உடைத்துவிட்டு ஓடைவழியே சிதறினார்கள். டிவிஷன் கமாண்டர் மெஸ்ஸர்வியே கால்நடையாகக் காட்டைத் தாண்டி சின்ஸ்வேயாவுக்கு வந்து சேர்ந்தார். சின்ஸ்வேயாவில் இருந்தது டிவிஷனின் நிர்வாகப் பகுதி. வெடிமருந்துக் குவியல், பெட்ரோல், கோவேறு கழுதைகள், ஆஸ்பத்திரி. சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், சுற்றிலும் மலை. "அட்மின் பாக்ஸ்" என்ற பெயரே அதனால் வந்ததுதான். அங்கே ஒரு பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியனும் 25ஆவது டிரகூன்ஸின் டாங்கிகளும் இருந்தன, மற்றபடி குழிக்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் ஸ்டோர்காரர்கள், கழுதை ஓட்டிகள், சமையல்காரர்கள், கிளார்க்குகள். ஆஸ்பத்திரிக்குள் புகுந்து ஜப்பானியர் நோயாளிகளையும் டாக்டர்களையும் கொன்றார்கள். அப்படியும் பாக்ஸ் விழவில்லை. மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைய நடந்த அந்த முற்றுகையில் சாப்பாடும் குண்டும் டகோட்டா விமானத்திலிருந்து விழுந்தன, கடைசியில் பசியோடு திரும்பிப்போனது முற்றுகையிட்டவர்கள்தான். இதற்குப் பிறகு பர்மாவில் இந்திய டிவிஷன்களுக்குத் தலைமையகத்தைக் காக்கவே தனியாக ஒரு பட்டாலியன் கொடுக்கும் வழக்கம் வந்தது. அதாவது டிவிஷன் அளவில் இந்தப் பரணுக்கு வாசலில் ஒரு காவல்காரனையும் வைத்தார்கள்.

ஆனால் ஹெட்குவார்ட்டர் கம்பெனியின் உண்மையான மதிப்பை வீரக்கதைகளை வைத்து எடைபோடக் கூடாது என்று நினைக்கிறேன். சமையல்காரன் துப்பாக்கி தூக்கினான் என்றால் ஏற்கெனவே ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அது தன் சொந்த வேலையைச் செய்ய முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1950 ஜூலை 5, கொரியாவின் ஓசான் பக்கம் நடந்ததைப் பாருங்கள். லெப்டினன்ட் கர்னல் ஸ்மித் தலைமையில் ஜப்பானிலிருந்து அவசரமாக அனுப்பிய சிறு படை, பீரங்கிக்காரர் உட்பட 540 பேர். இரண்டு ரைஃபிள் கம்பெனி, ஹெட்குவார்ட்டர் கம்பெனியில் பாதி, தகவல் தொடர்பு பிளாட்டூனிலும் பாதி. பாதி என்பதைக் கவனியுங்கள். மழை கொட்டுகிறது, பழைய வயர்லெஸ் செட்டுகள் நனைந்து பேச மறுக்கின்றன. பீரங்கிக்குப் போன டெலிபோன் கம்பியை வட கொரிய டாங்கிகள் சங்கிலியால் அறுத்துப்போட்டுவிட்டுப் போகின்றன. அதற்கப்புறம் ஸ்மித்துக்குப் பின்னால் இருந்த தன் பீரங்கிகள் உயிரோடு இருக்கின்றனவா என்றே தெரியாது, அழிந்துவிட்டன என்று முடிவு செய்துகொண்டார். பிற்பகலில் பின்வாங்க உத்தரவிட்டார், ஒரு பிளாட்டூனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவே இல்லை, பக்கத்துக் குழிகள் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஸ்மித் நடந்து பின்னால் வந்து பார்த்தால் பீரங்கிகளில் ஒன்றே ஒன்றுதான் போயிருந்தது, மற்றவை பத்திரமாக நின்றன. அரை நாள் முழுக்கக் கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு பீரங்கிப் படை சும்மா இருந்திருக்கிறது, ஒரு கம்பி இல்லாமல்.

சரி, அந்த இரட்டைப் பெயர். முதல் "ஹெட்குவார்ட்டர்ஸ்" என்பது சிஓவும் அவருடைய ஸ்டாஃப் அதிகாரிகளும். இரண்டாவது, அவர்களைத் தாங்குகிற கம்பெனி. இரண்டும் சேர்த்து ஒரே அலகாகப் பதிவேட்டில் ஏறுவதால் "தலைமையகமும் தலைமையகக் கம்பெனியும்" என்று எழுதுகிறார்கள், சுருக்கமாக எச்எச்சி. பீரங்கிப் படையில் கம்பெனிக்குப் பதில் பேட்டரி, குதிரைப்படை மரபில் வந்த பிரிவுகளில் ட்ரூப், அதனால் எச்எச்பி, எச்எச்டி என்று மாறும். மரைன்களில் "ஹெட்குவார்ட்டர்ஸ் அண்டு சர்வீஸ் கம்பெனி", எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எச்எச்சி கமாண்டர் வெறும் கேப்டன். ஆனால் பட்டாலியனை ஆளும் லெப்டினன்ட் கர்னலும் மேஜர்களும் அவர் கம்பெனியின் ரோலில்தான் இருக்கிறார்கள். உடற்தகுதித் தேர்வு முடிக்கவில்லை, துப்பாக்கி சுடும் தகுதி காலாவதியாகிவிட்டது என்றால் கேப்டன்தான் போய் "சார், உங்கள் பெயர் லிஸ்டில் நிலுவையில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எண் விழுந்தால் அதற்கும். தன் வருட ரிப்போர்ட்டை எழுதப்போகிற மனிதரிடம்! ரைஃபிள் கம்பெனி கமாண்டருக்கு இந்தத் தலைவலியே இல்லை, அவன் கம்பெனியில் அவன்தான் பெரியவன். அதனால் அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு ரைஃபிள் கம்பெனியை நடத்தி நல்ல பெயர் எடுத்த கேப்டனைத்தான் போடுவார்கள். வெளியே பார்க்கப் பின்னால் தள்ளியது மாதிரி இருக்கும், உள்ளே அது நம்பிக்கையின் அடையாளம்.

இந்திய பட்டாலியனில் இதன் அன்றாட முகம் வேறு மாதிரி. ஊரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், மெட்ராஸ் ரெஜிமென்டில் எம்டி (மோட்டார் வண்டி) பிளாட்டூன் டிரைவராக இருந்தவர், தன் கம்பெனியைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே "நாங்க பட்டாலியனுக்கு மாமியார் வீடு" என்பார். யாருக்கு என்ன வேண்டுமானாலும் அங்கேதான் வர வேண்டும், வந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். லீவு பாஸ் எழுதுகிற கிளார்க், குவார்ட்டர்மாஸ்டரின் ஸ்டோர், லங்கர், வண்டி, முடிவெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், பேண்டு. பேண்டுக்காரர்களுக்குப் போரில் வேலை ஸ்ட்ரெச்சர் தூக்குவது, பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த பழக்கம். ஒரு ரைஃபிள் கம்பெனிக்காரன் நாலைந்து வருஷம் கழித்து முட்டி தேய்ந்தோ முதுகு வலித்தோ ஹெட்குவார்ட்டர் கம்பெனிக்கு மாறுவதும் உண்டு, அதனால் அங்கே சராசரி வயது கூடுதல், அனுபவமும் கூடுதல், சலிப்பும் கொஞ்சம் கூடுதல்.

பரண் கதைக்குத் திரும்புகிறேன், அது 1943இல் நின்றுவிடவில்லை. வியட்நாம் போரின் நடுவில் அமெரிக்கர்கள் மோர்ட்டாரையும் வேவு பிளாட்டூனையும் எச்எச்சியிலிருந்து இறக்கி ஈ கம்பெனி என்று தனியாக வைத்தார்கள். 1980களில் மறுபடி மனம் மாறி எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். அந்தக் காலத்து இயந்திரமயக் காலாட்படை பட்டாலியனில் எச்எச்சி ஒரு ரைஃபிள் கம்பெனியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வீங்கியிருந்தது, மெக்கானிக், சமையல், பெட்ரோல் லாரி, மோர்ட்டார், வேவு, மருத்துவம் எல்லாம் ஒரே கேப்டன் தலையில். 2004 வாக்கில் வந்த சீரமைப்பில் சமையல், ரிப்பேர், லாரி மூன்றையும் எடுத்து ஃபார்வர்டு சப்போர்ட் கம்பெனி என்று வேறொரு பட்டாலியனின் கீழே போட்டார்கள். எச்எச்சியில் இருந்தது வேவு, மோர்ட்டார், மருத்துவம், சிக்னல், ஸ்டாஃப். காகிதத்தில் அழகு. ஆனால் லாரிக்காரன் இப்போது வேறு முதலாளியின் ஆள், அவசரத்துக்குக் கத்தினால் ஓடி வருவானா என்ற சண்டை அன்றிலிருந்து இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பாகப்பிரிவினை செய்த எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான்.

இப்போது புதுத் தொல்லை, தலைமையகமே இருக்கிற இடம் தெரிந்துவிடுகிறது. பத்து வண்டி, கூடாரம், ஆன்டெனாக் காடு, ஜெனரேட்டர் என்று ஓரிடத்தில் பரப்பி வைத்தால் வானத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும், வயர்லெஸ் அலைகளை நுகர்கிற கருவிகளுக்கும் தெரியும். 2022 முதல் உக்ரைனில் இரண்டு தரப்பும் கமாண்டு போஸ்டுகளைத் தேடித்தேடி அடிக்கிறார்கள். அதனால் தலைமையகத்தைச் சிறிதாக்கு, பிரித்து வை, அடித்தளத்தில் ஒளித்து வை, ஓரிடத்தில் அதிக நேரம் நிற்காதே என்பதுதான் இப்போதைய பாடம். ஒரு காலத்தில் கூடாரம் அடித்துப் பாய் விரித்துக் கொடுத்த கம்பெனி இப்போது ராத்திரியோடு ராத்திரியாகக் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடக் கற்றுக்கொள்கிறது.

அப்புறம் ட்ரோன். உக்ரைனில் ஆளுக்கொன்றாகக் கடையில் வாங்கிப் பறக்கவிட்டுத் தொடங்கியது, 2024இல் ட்ரோனுக்கென்றே தனிப் படை ஆகிவிட்டது, 1915இல் மெஷின்கன்னுக்கு நடந்தது அப்படியே. இங்கே 2025 ஜூலையில் கார்கில் வெற்றி நாளன்று ராணுவத் தளபதி காலாட்படை பட்டாலியன்களில் ட்ரோன் பிளாட்டூன் வருகிறது என்று அறிவித்தார். அந்த ஹவில்தாரிடம் செய்தியைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "அதெல்லாம் சரி, அந்தப் பசங்களுக்குச் சோறு எந்தக் கம்பெனிக் கணக்குல?"